ஐம்பத்திரண்டு கிலோ

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் உங்களிடமும் ஒன்றை மறைத்துவிட்டேன்.

நடுக்கடலில் மோட்டார் நின்றுபோனதைச் சொன்னேன். அம்மாவும் அண்ணனும் மூன்று மணி நேரம் ஆளுக்கொரு துடுப்போடு மல்லுக்கட்டியதைச் சொன்னேன். வேறொரு படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்ததையும், அம்மா யாரோடும் பேசாமல் படகுத்துறையில் இறங்கி நடந்ததையும் சொன்னேன். மோட்டார் ஏன் நின்றது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சொல்லப் பயமாக இருந்தது. இப்போதும் பயம்தான். ஆனால் அம்மா தூங்கிவிட்டாள், இன்று நடந்ததை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது முழுசாகச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் அந்தச் சிவப்புத் துணி.

எங்கள் பழைய மோட்டார் டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலை அப்படியே கொடுக்கக் கூடாது. கையில் தூக்கிப்போகிற இருபத்தைந்து லிட்டர் டேங்கில் அரை லிட்டர் ஆயில் கலக்க வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடினால் உள்ளே எல்லாம் தேய்ந்து, சூடேறி, இறுகிப் போய்விடும். கலந்தவர்கள் டேங்க் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். துணி இருந்தால் கலந்தாயிற்று, இல்லையென்றால் இல்லை. விடியாத நேரத்தில் கிளம்புகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு இருக்க முடியாது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் படகில் இதுதான் வழக்கம்.

அன்றைக்கு அண்ணன் வலை சரிசெய்துகொண்டிருந்தான். "ஏய் வாலு, பெட்ரோல் மட்டும் வாங்கிட்டு வந்து படகுல வெச்சிடு. ஆயில் நான் ஊத்திக்கறேன்" என்றான். பெட்ரோல் பங்கில் ஊற்றும்போது டேங்க் மேல் கொஞ்சம் சிந்தியது. சிவப்புத் துணியால் துடைத்தேன். சைக்கிளில் வரும்போது பறந்துவிடுமே என்று அதைக் கைப்பிடியில் கட்டினேன்.

அவ்வளவுதான். கட்டினேன். அவிழ்க்க மறந்துவிட்டேன்.

விடியற்காலை அண்ணன் வந்து பார்த்தான். துணி இருந்தது. அம்மா கலந்திருப்பாள் என்று நினைத்துக் கிளப்பிவிட்டான்.

மோட்டாரைப் பிரித்துப் பார்த்த போல்ட்டு மாமா (சட்டைப்பையில் எப்போதும் நாலு போல்ட் கிடக்கும், அதனால் ஊருக்கே அவர் போல்ட்டு மாமா), "ஆயிலே இல்லாம ஓடியிருக்குக்கா. இதுக்கு இனிமே ஸ்பேர் கெடைக்காது. புதுசுதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். "துணி கட்டியிருந்துச்சும்மா. நீ ஊத்திட்டேன்னு நெனச்சேன்" என்றான். "நான் ஊத்தல" என்றாள் அம்மா. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ கொண்டுவந்து வெச்சப்ப துணி இருந்துச்சா?"

"ஞாபகம் இல்லம்மா."

என் வாயிலிருந்து வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். அண்ணன் மறந்துவிட்டு, தப்பிக்கத் துணிக் கதை சொல்கிறான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அவள் திட்டவில்லை. அன்றிலிருந்து அவனை எதையும் செய்யச் சொல்லவுமில்லை. எங்கள் வீட்டில் அதுதான் பெரிய தண்டனை.

எட்டு நாள் அப்படியே போயிற்று. இன்று மோட்டார் வாங்கும் நாள்.

* * *

காலையில் அம்மா என்னைப் படகுத்துறைக்குக் கூட்டிப் போனாள். அண்ணன் பத்தடி பின்னால் வந்தான்.

எங்கள் படகுக்கு வீட்டில் 'மூத்தவள்' என்று பேர். அண்ணன் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு வாங்கியது. பத்தொன்பது அடி ஃபைபர் படகு. அப்பா கப்பலில் சமையல்காரர், வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். வந்தால் முதலில் மூத்தவளைத்தான் தடவிப் பார்ப்பார், அப்புறம்தான் எங்களை. படகை ஓட்டுவது, வலை விடுவது, மீனை ஏலத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அம்மா. துறையில் அவளை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கிண்டலுக்கு வைத்த பேராம். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

"ஏறு" என்றாள் என்னிடம். "பின்பலகை மேல உக்காரு. இன்னைக்கு நீதான் மோட்டார்."

"என்னம்மா?"

"உன் எடை என்ன?"

"ஐம்பத்திரண்டு."

"பழைய மோட்டாரும் ஐம்பத்திரண்டு கிலோதான். ஏறுடி."

மோட்டார் மாட்டும் பின்பலகையில் ஏறி, காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். பக்கத்துப் படகில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன கேப்டன், புது மோட்டாருக்கு ரெட்டை ஜடையெல்லாம் இருக்கு! எத்தன குதிரை பவரு?" என்றார்.

"குதிரை எல்லாம் இல்ல. சத்தம் மட்டும்தான்" என்றாள் அம்மா.

வேறு நாளாக இருந்தால் அண்ணன் இதற்கு மேல் நாலு சொல்லியிருப்பான். இன்று அவன் முன்பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படகின் பின்பக்கம், பலகைக்குக் கீழே, கட்டைவிரல் நுழைகிற மாதிரி இரண்டு ஓட்டைகள் உண்டு. மழை பெய்தாலோ அலை அடித்தாலோ உள்ளே விழுகிற தண்ணீர் அந்த வழியாகத்தான் தானாக வடியும். அம்மா தன் இடத்தில் உட்கார்ந்து, குனிந்து, ஓட்டைக்கும் கடல் தண்ணீருக்கும் நடுவே கையை வைத்து அளந்தாள். நாலு விரல்.

"சரியா இருக்கு" என்றாள். பிறகு ஒரு கேனில் இருபத்தாறு லிட்டர் தண்ணீர் பிடித்து என் மடியில் வைத்தாள். "இப்போ நீ எழுபத்தெட்டு கிலோ. ஃபோர் ஸ்ட்ரோக் இருபத்தஞ்சு குதிரை."

படகின் பின்பக்கம் இறங்கியது. எனக்கே தெரிந்தது. ஓட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து யாரோ வேகமாகப் படகு ஓட்டிப் போனார்கள். அலை வந்தது. இரண்டு ஓட்டையிலும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு உள்ளே வந்து அம்மாவின் காலை நனைத்தது.

அண்ணனுக்கு நாற்பது குதிரை மோட்டார் மேல் ரொம்ப நாளாக ஆசை. அது தொண்ணூற்றெட்டு கிலோ. அதற்கும் ஒரு கேன் பிடித்து மடியில் ஏற்றினாள். அலையே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் குழாய் திறந்த மாதிரி உள்ளே வந்தது.

"எறக்கும்மா! கால் மரத்துப் போச்சு!"

"மோட்டார் பேசாது" என்றாள் அம்மா. ஆனால் கேன்களை இறக்கிவிட்டாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கடைக்காரர் கொடுத்த புத்தகத்தில் எத்தனையோ எண்கள் போட்டிருந்தார்கள். அம்மா ஒரு மகள், இரண்டு கேன், நாலு விரல் வைத்து முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது, பழைய எடையிலேயே ஒரு சின்ன டூ ஸ்ட்ரோக் வாங்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எழுபத்தெட்டு கிலோவையே வாங்கிடலாம். ஓட்டைய கட்டை வெச்சு அடைச்சுக்கலாம்."

அண்ணன் அப்போதுதான் திரும்பினான். "அடைச்சா மழைத் தண்ணி எங்கம்மா போகும்?"

"கையால எறைப்போம்."

"பெரிய அலை அடிச்சு உள்ள ரொம்பிச்சுன்னா? எறைக்கறதா, வலைய இழுக்கறதா, ஓட்டறதா? ரெண்டே பேருதான் போறோம். எதுக்கு இவ்ளோ கஷ்டம்? சின்ன டூ ஸ்ட்ரோக் போதுமே. நாப்பது வேணும்னு நான் இனிமே கேக்கவே மாட்டேன்."

"அதுக்கு ஆயில் கலக்கணும்" என்றாள் அம்மா.

அண்ணன் மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். பெட்ரோலை அப்படியே ஊற்றலாம். கலக்க வேண்டாம், துணி கட்ட வேண்டாம், யாரையும் நம்ப வேண்டாம். அதற்காக அம்மா ஒரு கிழட்டுப் படகின் முதுகில் இருபத்தாறு கிலோ கூடுதலாக ஏற்றி, தண்ணீர் வடிகிற வழியையும் அடைக்கப்போகிறாள். அதில்தான் அவளும் அண்ணனும் தினமும் கரை தெரியாத இடத்துக்குப் போய் வர வேண்டும்.

எல்லாம் நான் கட்டிய ஒரு முடிச்சு. படகை விட்டு முதல் ஆளாக இறங்கினேன். மடி நனைந்ததால் குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

* * *

மோட்டார் கடையில் சுவரோரமாக ஸ்டாண்டுகளில் மோட்டார்கள் வரிசையாகத் தொங்கின. புது ரப்பர் வாசனை. போல்ட்டு மாமா எங்களுக்கு முன்பே வந்து ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் நேராக அண்ணனிடம் போனார். "வாங்க சார், என்ன ஸ்பீடு எதிர்பார்க்கறீங்க?"

அண்ணன் கட்டைவிரலால் அம்மாவைக் காட்டினான். "ஓட்டறது அவங்க."

"அப்படியா! அம்மாவுக்கு லேசா, அழகா ஒண்ணு காட்டட்டுமா?"

"அழகு எனக்கே இருக்கு தம்பி" என்றாள் அம்மா. "விசிறிக்குப் போற ஷாஃப்ட் நீளம் சொல்லுங்க. எங்க பின்பலகை உயரம் பதினஞ்சு இன்ச். விக்காம கெடக்குதுன்னு இருபது இன்ச்ச எங்க தலையில கட்டிடாதீங்க."

கடைக்காரர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு பேனாவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அண்ணன் பக்கமே திரும்பவில்லை.

அம்மா கேட்டுக்கொண்டே போனாள். தண்ணீர் இழுக்கிற பம்புக்குள் இருக்கும் ரப்பர் எத்தனை மாதம் தாங்கும், கடையில் ஸ்டாக் இருக்கிறதா, இல்லை ஆர்டர் போட்டுவிட்டு மூணு மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி உடைந்தால் வேறு கம்பெனி விசிறி பொருந்துமா? இழுத்துக் கிளப்புகிற கயிறு அறுந்தால் மூடியைக் கழற்றி வேறு கயிறு சுற்றிக் கிளப்ப முடியுமா? கடைசிக் கேள்விக்குக் கடைக்காரரால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மாவே மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சக்கரத்தின் வெட்டைக் காட்டி, "முடியும். இதோ இங்க முடிச்ச மாட்டணும்" என்றாள்.

"கேப்டன், நீங்க இங்கயே வேலைக்கு வந்துடுங்க" என்றார் கடைக்காரர். அவருக்கு அந்தப் பேர் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தானாகவே வந்திருக்க வேண்டும்.

கடையில் எனக்குக் கொஞ்ச நேரம் பயமே மறந்துபோயிற்று. வந்திருந்த வேறு இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் என் அம்மா என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அப்போது அம்மா ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் கை காட்டினாள். "இத எழுதுங்க."

போல்ட்டு மாமா தலையைச் சொறிந்தார். "அக்கா, நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. நல்ல மோட்டார்தான். ஆனா உங்க படகு பின்னாடி மாட்டறது கழுதை முதுகுல பீரோ ஏத்தின மாதிரி. பலகைக்குள்ள இருக்கற மரம் இருபது வருஷத்து மரம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பாரத்த நான் பாத்துக்குவேன். மறதிய என்னால பாத்துக்க முடியாது."

அண்ணன் கண்ணாடிக் கதவுப் பக்கம் போய் நின்று தெருவைப் பார்த்தான். அவன் காதுகள் சிவந்திருந்தன. எங்கள் அண்ணனுக்கு இருபத்தொரு வயது. போன வருஷப் புயலில் வலையை அறுத்துவிட்டு அம்மாவை முதலில் கரையேற்றியவன். அவனை இரண்டு அந்நியர்களும் ஒரு கடைக்காரரும் இப்போது 'மறதிக்காரன்' என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் தாளை நீட்டினார். அம்மா பேனாவை வாங்கினாள்.

கண்ணை மூடினால் இரண்டு ஓட்டையிலும் தண்ணீர் பீய்ச்சுவது தெரிந்தது.

"அம்மா, கையெழுத்து போடாத."

"ஏன்?"

"துணிய கட்டினது நான்தான்."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை. மூடியும் வைக்கவில்லை. வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பெட்ரோல் வாங்கினது?"

"நான்."

"ஆயில் ஊத்தினியா?"

"இல்ல. அண்ணன் ஊத்திக்கறேன்னு சொல்லியிருந்தான்."

"அப்புறம் துணிய எதுக்குக் கட்டின?"

"துடைச்சேன். சைக்கிள்ல வரப்போ பறந்துடும்னு கட்டினேன். அவுக்க மறந்துட்டேன்."

"நான் கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு சொன்னியே?"

"ஞாபகம் இருந்துச்சு."

இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். சத்தமாக இல்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. போல்ட்டு மாமா எண்ணெய்த் துணியை நீட்டினார், பிறகு அது எண்ணெய்த் துணி என்று பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடிப்பாள் என்று நினைத்தேன். எங்கள் அம்மா பொது இடத்தில் குரலை உயர்த்துகிறவள் இல்லை.

அவள் என்னைத் தாண்டி அண்ணன் பக்கம் போனாள். அவன் கதவைப் பார்த்தபடியே நின்றான். அம்மா அவன் தோளுக்குத்தான் இருப்பாள்.

"டேய், இங்க பாரு" என்றாள். அவன் திரும்பினான். "நீ உண்மையத்தான் சொன்ன. நான் நம்பல. எட்டு நாளா உன்ன ஒரு கயித்தக்கூட தொட விடல. இதே கடையில, இத்தன பேரு முன்னாடி, மறதின்னு சொன்னேன். தப்பு என்மேலதான். இத்தன பேரு முன்னாடியே சொல்றேன்."

பெற்றவர்கள் பிள்ளைகளிடம் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அதுவும் எங்கள் அம்மா. கேப்டன். துறையில் ஆம்பிளைகள் எல்லாம் வழிவிட்டு நிற்பார்களே, அவள். கடைக்காரர் கணக்கு நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமும் அழுகையும் ஒரு பக்கம் இருக்க, அவளைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் எட்டு நாள் எடுத்துக்கொண்டதை அவள் ஒரு நிமிடத்தில் செய்துவிட்டாள்.

"சரிம்மா" என்றான் அண்ணன்.

அம்மா கடைக்காரரிடம் திரும்பினாள். "தம்பி, அந்தத் தாள கிழிச்சிடுங்க. அந்த ஓரத்துல இருக்கே சின்ன டூ ஸ்ட்ரோக், ஐம்பத்திரண்டு கிலோ. அத எறக்குங்க."

"ஆயில் கலக்கணுமே கேப்டன்?" என்றார் அவர், பாவம், புரியாமல்.

"கலக்க ஆளு இருக்கு" என்றாள் அம்மா. என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். பிடி வலித்தது. "இனிமே இவதான் கலக்குவா. இவதான் துணி கட்டுவா. வேற யாரும் அந்தத் துணியத் தொடக்கூடாது."

* * *

மாலையில் புது மோட்டாரை மூத்தவளின் பின்பலகையில் மாட்டினோம். போல்ட்டு மாமா திருகுகளை இறுக்கினார். ஓட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவே அம்மா கை வைத்துப் பார்த்தாள். நாலு விரல்.

நான் டேங்கில் ஆயிலை ஊற்றினேன். அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அரை லிட்டர் கோடு வரை. இரண்டு தடவை அளந்தேன். பிறகு பெட்ரோல். பிறகு மூடியை இறுக்கி டேங்கை நன்றாகக் குலுக்கினேன். அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். முழுக்க முடித்த பிறகுதான் துணியைக் கட்டினேன். கலந்துவிட்டு முதல் முறையாகக் கட்டுகிறேன்.

"கெளப்புடா" என்றாள் அம்மா, அண்ணனிடம். தான் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் இருக்கும்போது வேறு யாரும் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்ததில்லை.

முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவதில் புகை விட்டது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

என்ன சத்தம் தெரியுமா! பழையது கரகரவென்று தொண்டை கட்டினவர் மாதிரி பேசும். இது விடாமல் ஒரே சுருதியில் பாடியது. பக்கவாட்டில் சின்னதாகத் தண்ணீர் பீய்ச்சியது. அது குளிர்ச்சித் தண்ணீர், வர வேண்டிய தண்ணீர். அண்ணன் துறையை விட்டு வெளியே வந்ததும் வேகத்தைக் கூட்டினான். மூத்தவள் மூக்கைத் தூக்கினாள். இருபத்திரண்டு வயதுப் படகு! துறையில் நின்றவர்கள் கையைத் தூக்கிக் கத்தினார்கள். காலையில் என் ஜடையைக் கிண்டல் செய்தவர், "கேப்டன், கெழவிக்குக் கல்யாணமா!" என்றார்.

அண்ணன் பெரிதாக ஒரு வட்டம் போட்டான். நுரை ஒரு கோடாகப் பின்னால் வளைந்து வந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. எட்டு நாள் கழித்து. அது எனக்கானது இல்லை என்று தெரியும், ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்து கட்டினோம். போல்ட்டு மாமா கிளம்பினார். அம்மா டேங்கை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மோட்டாரை அணைத்துவிட்டு, அதன் மேல் கையை வைத்தபடியே நின்றான்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"திங்கக்கெழமையிலேர்ந்து பெரிய படகுக்கு ஆளா வரேன்னு வார்த்தை குடுத்துட்டேன். அந்த நாப்பது குதிரை மோட்டார் வெச்ச படகு. முந்தாநாள் கேட்டாங்க. இங்க எனக்கு வேலையே இல்லயேன்னு சரின்னுட்டேன்."

அம்மா நிமிரவில்லை. டேங்க் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தாள்.

"எத்தன நாளைக்கு?"

"இந்தப் பருவம் முழுக்க."

"அண்ணா, வேணாம்ணா" என்றேன். "நான்தான் சொல்லிட்டேன்ல?"

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சொன்ன. நல்லதுதான். ஆனா எட்டு நாளா என் பக்கத்துலயே உக்காந்து சாப்ட்டியே."

நான் கைப்பிடியில் கட்டிய துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்த வார்த்தைய மாத்தச் சொல்ல மாட்டேன். நீ உண்மை பேசறவன்னு இன்னைக்குத்தான் ஊருக்கே சொன்னேன். போ. நல்லா வேலை செய். என் பேரக் காப்பாத்து." குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள், "திங்கக்கெழம எனக்கு ஒரு ஆளு வேணும்."

நான் இதுவரை கரை மறைகிற தூரத்துக்குப் போனதில்லை. கரை மறைந்தால் எனக்கு மூச்சு முட்டும் என்று எனக்கே தெரியும். நீச்சல் தெரியும், அது வேறு விஷயம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதம் லீவு. வேறு காரணம் சொல்ல ஒன்றுமில்லை. தேடினேன், கிடைக்கவில்லை.

"நான் வரேம்மா."

"இவளா?" என்றான் அண்ணன். "பெட்ரோல் வாங்கிட்டு வரத் தெரியாதவ வலை விடுவாளாக்கும்?"

"தெரியாதுதான்" என்றாள் அம்மா. "ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வாயத் தொறந்தா. அவ பேசாம இருந்திருந்தா நீயும் நானும் ஓட்டைய அடைச்சுக்கிட்டு அந்தக் கனத்தோட கடலுக்குப் போயிருப்போம்." என்னைப் பார்த்தாள். இன்று முழுக்க அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "பயமா இருக்கா?"

"இருக்கு."

"சரி. நாலு மணிக்கு எழுந்திரிக்கணும்" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அண்ணன் படகிலிருந்து இறங்கினான். நாலடி போனவன் நின்றான்.

"என் லைஃப் ஜாக்கெட்ட போட்டுக்காத. உனக்குப் பெருசு. தண்ணியில விழுந்தா மூஞ்சிக்கு மேல ஏறிடும். நாளைக்குக் கடைக்குப் போய் உன் அளவுக்கு வாங்கு."

"நீயும் கூட வர்றியாண்ணா?"

எனக்கு வாய் அடங்கவில்லை. "பருவம் முடிஞ்சதும் திரும்பி வந்துடுவதான?"

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னான்:

"முதல்ல நீ போயிட்டு வா. அப்புறம் பேசலாம்."